வார்னிங் போக வேண்டும் என்பதற்காகப் பூஜ்யம் போடாதீர்கள்

கேள்வி: என் சி புரோகிராமில், ஹெட்டர் இருக்கிறது என்று ஃபிளாக் சொன்னால் 'நீளம்' என்ற வேரியபிளை நிரப்புகிறேன். நடுவில் ஒரு ஃபங்ஷனை அழைக்கிறேன். அப்புறம் அதே ஃபிளாகைப் பார்த்துத்தான் நீளத்தைப் பயன்படுத்துகிறேன். ஆனாலும் 'மதிப்பு தராமலே பயன்படலாம்' என்று ஜிசிசி கம்பைலர் வார்னிங் காட்டுகிறது. பூஜ்யம் போட்டு முடித்துவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். அந்த ஃபிளாக் லோக்கலா, குளோபலா? குளோபல் என்றால் இது பொய் வார்னிங்கே அல்ல. நடுவில் அழைக்கும் ஃபங்ஷன் ஃபிளாகைத் தொடாது என்று உங்களுக்குத் தெரியும்; அது வேறு ஃபைலில் இருந்தால் கம்பைலருக்கு எப்படித் தெரியும்? முதலில் பார்த்தபோது அணைந்திருந்த ஃபிளாக் இரண்டாவது முறை பார்க்கும்போது எரிந்தால், நீளத்தில் இருப்பது குப்பைதான். ஆரம்பத்திலேயே ஃபிளாகை ஒரு லோக்கல் வேரியபிளில் எடுத்து வைத்து, இரண்டு இடத்திலும் அதையே பாருங்கள். பெரும்பாலும் அத்துடன் தீர்ந்துவிடும். தீரவில்லையா? இரண்டு 'இஃப்'களையும் ஒன்றாக்கி, நீளத்தை அதற்குள்ளேயே அறிவியுங்கள்.

பூஜ்யம் ஏன் கூடாது என்கிறேன்? நாளை வேறொருவர் புதிய கிளை ஒன்றைச் சேர்த்து, அதில் நீளத்தை நிரப்ப மறப்பார். கம்பைலர் வாய் திறக்காது. புரோகிராமை ஓட்டி நினைவகப் பிழைகளைத் தேடும் வால்கிரைண்டும் திறக்காது, ஏனென்றால் பூஜ்யமும் முறையாகப் போட்ட மதிப்புதான். இன்று வந்த வார்னிங்கோடு நாளை வரவேண்டிய உண்மை வார்னிங்கையும் சேர்த்துப் புதைத்துவிடுகிறீர்கள்.

காரணம் புரியாமல் ஓர் எச்சரிக்கையை அடக்கினால் எங்கே போய் முடியும் என்பதற்கு டெபியன் லினக்ஸில் நடந்ததே போதும். மதிப்பு தராத நினைவகத்தைப் படிக்கிறது என்று வால்கிரைண்ட் புகார் சொன்னதால், 2006இல் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க லைப்ரரியில் இரண்டு வரிகளை நீக்கினார்கள். அதில் ஒன்றுதான் சாவி உருவாக்கத் தேவையான தற்செயல் தன்மையைச் சேர்த்துக்கொண்டிருந்த வரி. மிஞ்சியது பிராசஸ் எண் மட்டும், அதாவது ஏறக்குறைய 32,768 வாய்ப்புகள். 2008 மே மாதம் அது வெளியே தெரியும் வரை அந்தப் பதிப்பில் உருவான சாவிகளையெல்லாம் மாற்ற வேண்டியதாயிற்று.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 'வார்னிங்கே இல்லாத கோடு' என்று உறுதி கொடுத்து வேலையை முடித்துத் தரும் ஒப்பந்தக்காரர்களிடம் கவனமாக இருங்கள். என் கைக்கு வந்த ஒரு புராஜெக்டில் பில்டு சுத்தமாக இருந்தது. பில்டு எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் மேக்ஃபைலைத் திறந்தால், எல்லா வார்னிங்கையும் அணைக்கும் கம்பைலர் ஆப்ஷன் கடைசியில் உட்கார்ந்திருந்தது. அதை எடுத்ததும் வந்த முதல் வார்னிங்: ஹெட்டர் ஃபைலைச் சேர்க்காமல் அழைத்த ஒரு ஃபங்ஷன். அது பாயிண்டரைத் திருப்பித் தருவது; அறிவிப்பு இல்லாததால் கம்பைலர் அதை முழு எண்ணாக எடுத்துக்கொண்டது. 64 பிட் மெஷினில் முகவரியின் பாதி போயே போய்விடும். வார்னிங் எண்ணிக்கையை மட்டும் பார்த்துப் பில் தொகையை அனுமதிக்கும் முறை இருக்கும்வரை இப்படித்தான் நடக்கும். டெலிவரி வாங்கும்போது மேக்ஃபைலை நீங்களே திறந்து பாருங்கள்.

பயன்படாத பாராமீட்டர் என்று வரும் வார்னிங்குக்கு, 'இது வேண்டாம்' என்று சொல்லும் 'வாய்டு' காஸ்ட் போதும், யோசிக்கவே வேண்டாம். ஆனால் திரும்பி வரும் மதிப்பை விடக் கூடாது என்று குறிக்கப்பட்ட ஃபங்ஷன்களில் இந்த வழி ஜிசிசியிடம் எடுபடாது. ஃபைலில் எழுதும் 'ரைட்' அழைப்பு பல லினக்ஸ் பில்டுகளில் அப்படித்தான் குறிக்கப்பட்டிருக்கிறது. வாய்டு போட்டால் கிளாங் என்ற இன்னொரு கம்பைலர் அமைதியாகிவிடும், ஜிசிசி விடாது. அதற்குக் காரணமும் இருக்கிறது: நூறு பைட் கொடுத்தால் நாற்பதுதான் எழுதினேன் என்று 'ரைட்' சொல்லலாம், டிஸ்க் நிரம்பியும் இருக்கலாம். ஆகவே முதலில் அந்த மதிப்பைச் சரிபாருங்கள். புரோகிராம் சாகும் நேரத்தில் கடைசிச் செய்தியை எழுதுகிறீர்கள், தோற்றாலும் செய்ய எதுவுமில்லை என்றால் மட்டும், மதிப்பை ஒரு வேரியபிளில் வாங்கி, அந்த வேரியபிளுக்கு வாய்டு போடுங்கள். இரண்டு கம்பைலரும் ஏற்கும்.

எல்லாம் பார்த்த பிறகும் உங்கள் வார்னிங் நிற்கிறதா? சரி, அந்த ஒரு ஃபங்ஷனைச் சுற்றி மட்டும் வார்னிங்கை அணைத்துப் பிறகு பழையபடி ஆக்க 'புஷ்', 'பாப்' பிராக்மா போடுங்கள். மேலே ஏன் என்று ஒரு கமெண்ட் எழுதுங்கள். ஜிசிசியின் இந்த வார்னிங் பெயர் கிளாங்குக்குத் தெரியாது, தெரியாத பெயர் என்று அது தனி வார்னிங் கொடுக்கும். அதனால் பிராக்மாவை ஜிசிசிக்கு மட்டும் என்று வரையறுங்கள். ஆப்டிமைசேஷன் அளவை மாற்றினால் இதே வார்னிங் வரும், போகும். ரிலீஸுக்கு எந்த அளவில் பில்டு செய்கிறீர்களோ அதில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு கமிட் செய்யுங்கள்.