இரண்டு பேருக்கு எத்தனை கட்டில்?

கேள்வி: எனக்கு 62 வயது, கணவருக்கு 67. லண்டன் ஹரோவில் இருபத்தைந்து வருடம் கடை நடத்தி, போன மாதம்தான் சாவியைக் கைமாற்றிவிட்டோம். இனி வருடத்தில் இரண்டு மூன்று மாதமாவது ஊர் சுற்ற ஆசை. முதலில் ஸ்கொட்லாந்து, பிறகு பரிஸில் தங்கச்சி வீடு, சுவிஸில் மச்சான் வீடு. இவர் ஏழு மீற்றர் மோட்டர்ஹோம் (உள்ளேயே படுத்து, சமைத்துப் பயணம் போகிற வண்டி) ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார். ஆறு பேர் படுக்கலாமாம். பேரப்பிள்ளைகள் (7 வயது, 4 வயது) வந்தால் இடம் வேண்டும் என்கிறார். எனக்குக் கூரை உயர்த்துகிற சின்னக் கேம்பர்வான் போதும். நானும் ஓட்டலாம், கடைதெருவுக்கும் கொண்டுபோகலாம். எனக்கு முழங்கால் நோவு இருக்கிறது. இவர் 1991இலும் நான் 2003இலும் இங்கேதான் லைசென்ஸ் எடுத்தோம். கையில் 50,000 பவுண் வரை இருக்கிறது. எதை வாங்குவது? — ஒரு வாசகி, ஹரோ

பதில்: அக்கா, அவர் கேட்கிற வண்டியும் வேண்டாம், நீங்கள் கேட்கிற வண்டியும் வேண்டாம் என்றுதான் சொல்லப்போகிறேன். கோபிக்காமல் வாசியுங்கள். உங்களை அக்கா என்று கூப்பிட்டபடியால் அவர் எனக்கு அத்தான். அவருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

முதலில் அந்த ஆறு கட்டில். பேரப்பிள்ளைகள் வருடத்தில் எத்தனை இரவு உங்களோடு வந்து படுப்பார்கள்? பள்ளிக்கூடம், நீச்சல், சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலை, மிருதங்க வகுப்பு, தாய் தகப்பனின் வேலை எல்லாம் கழித்தால் பத்து இரவு தேறினால் பெரிய விஷயம். மிச்ச அறுபது எழுபது இரவும் நீங்கள் இரண்டு பேரும்தான். அந்தப் பத்து இரவுக்காக ஏழு மீற்றர் பெட்டியை வருடம் முழுக்க இழுத்துத் திரிய வேண்டுமா? இன்னொன்று, ஆறு கட்டில் இருந்தால் ஆறு சீற்பெல்ற் இருக்கும் என்றில்லை. ஆறு பேர் படுக்கிற வண்டிகள் பலவற்றில் ஓடும்போது நாலு பேர்தான் பெல்ற் போட்டு இருக்கலாம். பிள்ளைக்கு 12 வயதோ 135 சென்ரிமீற்றர் உயரமோ வரும்வரை கார் சீற் கட்டாயம். பக்கவாட்டில் பார்த்தபடி இருக்கும் சோபாவில் அதைப் பூட்ட முடியாது. பிள்ளைகள் தங்கள் காரில் வந்து பக்கத்தில் கூடாரம் அடிக்கட்டும். ஏழு வயதுக்காரனிடம் கேட்டுப்பாருங்கள், கட்டிலா கூடாரமா என்று.

இனி உங்கள் பக்கம். சின்னக் கேம்பர்வானின் அழகு எனக்கும் தெரியும். வோக்ஸ்வாகன் கலிபோர்னியாவை எடுத்தால், ரி6.1 என்கிற முந்தைய மொடல் 4.9 மீற்றர் நீளம், உயரம் 2 மீற்றருக்கு மயிரிழை குறைவு. கார் மாதிரி ஓடும். கடற்கரைக் கார் பார்க்குகளில் உயரம் தடுக்கக் குறுக்கே கட்டியிருக்கும் இரும்புக் கம்பிக்குக் கீழே பல இடங்களில் நுழைந்துவிடும். ஆனால் புதிது 60,000 பவுணுக்கு மேலே. பழையதும் விலை இறங்காது.

காசை விடுங்கள். அத்தான் இரவில் எத்தனை தடவை எழும்புகிறவர்? வெட்கப்படாமல் இதற்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் வண்டி பார்க்கப் போக வேண்டும். இந்தச் சின்ன வான்களில் தனி ரொயிலெற் கிடையாது. சீற்றுக்குக் கீழே ஒளித்து வைக்கிற சின்ன வாளி மாதிரி ஒன்று இருக்கும். அதை இரவு இரண்டு மணிக்கு இழுத்து வெளியே எடுத்து, மற்றவர் நித்திரை போல் பாசாங்கு செய்ய, காரியத்தை முடிக்க வேண்டும். இல்லையென்றால் ஜாக்கெற் போட்டுக்கொண்டு மழைக்குள், வண்டி நிறுத்தித் தங்குகிற முகாமின் கழிப்பறைக்கு நடக்க வேண்டும். 67 வயதில் ஒரு இரவு செய்யலாம், எழுபது இரவு செய்ய முடியாது. மேல்கூரைக் கட்டிலுக்கு முன்சீற்றில் கால் வைத்துத் தொங்கி ஏற வேண்டும். உங்கள் முழங்காலுக்கு அது சரிவராது. கீழேயே படுத்தாலும் தினமும் சீற்றை மடித்து விரித்துக் கட்டில் ஆக்க வேண்டும், காலையில் மறுபடி சீற் ஆக்க வேண்டும். கூரையின் துணிச்சுவர் ஸ்கொட்லாந்துக் காற்றில் பட பட என்று அடிக்கிற சத்தம் வேறு.

ரொயிலெற் உள்ள வண்டி என்றால் அதற்கும் ஒரு வேலை இருக்கிறது. கீழே இருபது லீற்றர் அளவில் ஒரு பெட்டி இருக்கும். இரண்டு பேருக்கு இரண்டு மூன்று நாளில் நிரம்பும். வெளிப்பக்கக் கதவால் அதை இழுத்து எடுத்து, முகாமில் அதற்கென்று உள்ள இடத்தில் ஊற்றிக் கழுவி, நீல மருந்து விட்டுத் திரும்பச் செருக வேண்டும். எங்கள் வீட்டில் அது என் வேலை. உங்கள் வீட்டில் யாருடையது என்பதை வண்டி வாங்க முதலே பேசி முடியுங்கள்.

பெரிய வண்டியில் எனக்குப் பட்ட அனுபவத்தைச் சொல்கிறேன். நான் முதலில் வாங்கியது அத்தான் பார்த்து வைத்திருக்கிற மாதிரிதான். ஏழு மீற்றர், ஆறு கட்டில், மொத்த எடை 3,500 கிலோவுக்கு மேல் போகக்கூடாது. விற்றவர் "குடும்பத்தோடு தாராளமாகப் போகலாம்" என்றார். தாளில் 380 கிலோ ஏற்றலாம் என்று இருந்தது. 380 கிலோ எனக்கு ஒரு லொறி லோட் மாதிரித் தெரிந்தது. முதல் பயணத்துக்கு வெளிக்கிட்ட அன்று, ஒரு நண்பர் சொன்னபடியால், வழியில் லொறிகள் நிறுக்கிற தராசில் ஏற்றினேன். 3,610 என்று காட்டியது.

தராசுக்குப் பக்கத்தில் நின்றபடியே கூட்டிப் பார்த்தோம். ஓட்டுகிற எனக்கு 75 கிலோவை அவர்கள் ஏற்கெனவே கணக்கில் எடுத்துவிடுவார்கள். மனைவிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் கிடையாது. அங்கேயே 168 போய்விட்டது. பக்கத்தில் விரிக்கிற பந்தல் 28. சைக்கிளும் அதன் தாங்கியும் 45. நான் ஆசைப்பட்டுப் பூட்டின இரண்டாவது பற்றரி 25. மேசை கதிரை 25. உடுப்பு 40. சாப்பாடு 60, அதில் பத்துக் கிலோ அரிசியும் ஒரு பெட்டி தேங்காயும். தண்ணீர்த் தொட்டியில் 100 லீற்றர், அதாவது 100 கிலோ. தண்ணீரை அப்படியே திறந்து ஓடவிட்டோம். இன்னும் பத்துக் கிலோ கூட. மனைவி தேங்காய்ப் பெட்டியைப் பார்த்தா, நான் பற்றரியைப் பார்த்தேன். கடைசியில் தேங்காயையும் அரிசியில் பாதியையும் அந்த ஊரில் இருந்த ஒரு தெரிந்தவர் வீட்டில் இறக்கிவிட்டுப் போனோம். எடை கூடிய வண்டியைப் பொலிஸ் மறித்தால் தண்டம். விபத்து என்று வந்தால் காப்புறுதிக்காரன் முதலில் தேடுகிற சாட்டும் அதுதான்.

"அப்படியென்றால் 3,500ஐத் தாண்டிய வண்டியை வாங்குவோம், எனக்கு ஓட்ட உரிமை இருக்கு" என்று அத்தான் சொல்லுவார். இருக்கிறதுதான். 1997 ஜனவரி 1க்கு முதல் கார் சோதனை பாஸ் பண்ணினவர்களுக்கு 7.5 தொன் வரை ஓட்ட அனுமதி உண்டு, லைசென்ஸில் சி1 என்று போட்டிருக்கும். ஆனால் 70 வயதில் அது முடிந்துவிடும். தொடர வேண்டுமானால் டொக்டரிடம் கண், இரத்த அழுத்தம், நீரிழிவு எல்லாம் சோதித்து டி4 என்கிற படிவத்தை நிரப்பி அனுப்ப வேண்டும். அத்தானுக்கு இன்னும் மூன்று வருடம்தான். நீங்கள் 2003இல் எடுத்தபடியால் உங்களுக்கு 3.5 தொன்னுக்கு மேல் கிடையாது. அவருக்கு நடு வழியில் காய்ச்சல் வந்தால் ஸ்கொட்லாந்தின் ஸ்கை தீவிலிருந்து ஹரோவுக்கு யார் ஓட்டுவது? சுவிஸுக்கும் இதே கணக்குத்தான். 3.5 தொன் வரை 40 பிராங் ஸ்ரிக்கர் ஒன்று வாங்கி ஒட்டினால் வருடம் முழுக்க நெடுஞ்சாலையில் போகலாம், அதற்கு மேல் கனரக வாகன வரி. நீங்கள் இரண்டு பேரும் ஓட்டக்கூடிய வண்டிதான் உங்களுக்கு வண்டி. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஸ்கொட்லாந்தில் எல்லாரும் போகிற வட கரைச் சுற்றுப்பாதை இன்வெர்னஸில் தொடங்கி அங்கேயே முடிகிறது, 516 மைல். வடக்கிலும் மேற்கிலும் நிறைய இடத்தில் ஒற்றைத் தடம். எதிரே வண்டி வந்தால் ஒதுங்க இடையிடையே சின்னச் சின்ன இடம் விட்டிருப்பார்கள். (அதில் நிற்பாட்டித் தேத்தண்ணி வைக்கிறவர்களை ஊர்ச் சனம் திட்டித் தீர்க்கும், நியாயம்தான்.) அந்தப் பாதையில் ஆப்பிள்குரொஸ் என்கிற ஊருக்கு ஏறுகிற பெயலக் நா பா கணவாய் 626 மீற்றர் உயரம், ஊசி வளைவுகள். பெரிய வாகனங்களுக்கும் காரின் பின்னால் இழுக்கிற கரவன்களுக்கும் ஏற்றதல்ல என்று அடியிலேயே பலகை வைத்திருக்கிறார்கள். ஏழு மீற்றரோடு போகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றவன் நான்.

அங்கே எங்கும் நிறுத்திப் படுக்கலாம் என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள். ஸ்கொட்லாந்தின் 2003ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் தருகிற உரிமை நடந்துபோய்க் கூடாரம் அடிக்கிறவருக்கு, வண்டிக்கு அல்ல. கரவன் அன்ட் மோட்டர்ஹோம் கிளப்பில் சேர்ந்தால், ஐந்து வண்டிக்கு மேல் விடாத சின்னச் சின்னப் பண்ணை முகாம்கள் கிடைக்கும். அமைதி, மலிவு. ஆனால் பலவற்றில் தண்ணீர்க் குழாயும் கழிவு ஊற்றுகிற இடமும் தவிர வேறொன்றும் இருக்காது. பிரான்ஸிலும் ஜேர்மனியிலும் இரவு தங்க விடுகிற மோட்டர்ஹோம் தரிப்பிடங்களும் அநேகமாக இப்படித்தான். ஆக, உள்ளே ரொயிலெற் இல்லாத வண்டிக்கு மலிவான இடங்கள் பாதி அடைபட்டுவிடும். பரிஸில் தங்கச்சி வீட்டு வாசலில் நிறுத்துவது என்கிற யோசனையை இப்போதே கைவிடுங்கள். தமிழ்க் கடைகள் உள்ள லா சப்பல் பக்கம் காருக்கே இடம் கிடைக்காது. நகரத்துக்கு வெளியே முகாமில் விட்டுவிட்டு ரயிலில் போங்கள்.

ஆகவே நான் சொல்லுவது இரண்டுக்கும் நடுவில் இருப்பதை. பியற் டுக்காற்றோ அதைப் போன்ற சாமான் வானோ எடுத்து, உயரமான கூரையோடு வீடாக மாற்றியிருப்பார்கள். நிமிர்ந்து நடக்கலாம். உள்ளே கழிப்பறையும் ஷவரும் உண்டு. 5.99 மீற்றரிலும் 6.36 மீற்றரிலும் கிடைக்கும், அகலம் கண்ணாடிகளை விட்டு 2.05 மீற்றர். 3.5 தொன்னுக்குள் நிற்கும், இரண்டு பேருக்குச் சுமையில் மிச்சமும் இருக்கும். கடற்கரை இரும்புக் கம்பிக்குக் கீழே மட்டும் போகாது, அதைச் சகிக்க வேண்டியதுதான்.

இதிலும் கட்டில் எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பலவற்றில் பின்னால் குறுக்கே உயரமான கட்டில். உள்பக்கம் படுக்கிறவர் மற்றவருக்கு மேலால் ஏறித்தான் இறங்க வேண்டும். அத்தான் இரவில் இரண்டு தடவை எழும்புகிறவர் என்றால் உங்களுக்கு நித்திரை இல்லை. இங்கிலாந்தில் செய்கிறவர்கள் இன்னொரு விதமாகவும் செய்வார்கள்: பின்னால் இரண்டு பக்கமும் நீள சோபா, இரவில் அதுவே இரண்டு தனிக் கட்டில். சாதாரணக் கதிரை உயரம்தான். ஏறவும் வேண்டாம், தாண்டவும் வேண்டாம். விருந்தாளி வந்தால் ஆறு பேர் இருந்து தேத்தண்ணி குடிக்கலாம். அதைத் தேடுங்கள். ஷோரூமில் வெட்கப்படாமல் சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் படுத்துப் பாருங்கள். கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டு இருந்து பாருங்கள், முழங்கால் கதவில் முட்டுகிறதா என்று.

50,000 பவுணுக்கு நல்ல பழைய வண்டி வாங்கலாம். டீசல் என்றால் புகைத் தரம் யூரோ 6ஆ என்று முதலில் கேளுங்கள். 2023 ஓகஸ்ற் 29 முதல் லண்டன் முழுக்க, ஹரோ உட்பட, அதற்குக் கீழ்ப்பட்டது வீதியில் இறங்கும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண் கட்ட வேண்டும். ரயர் புதிது போல் மினுங்கும், நம்பாதீர்கள். இந்த வண்டிகள் ஓடுவதைவிட நிற்பதுதான் அதிகம், ரயர் தேயாமலே கிழடாகும். பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும். 1819 என்றால் 2019ஆம் ஆண்டின் 18ஆவது கிழமை செய்தது. வாங்குவதற்கு முதல் வீட்டு வாசலை நாடா பிடித்து அளந்துவிடுங்கள். வீட்டு உறுதிப் பத்திரத்தையும் எடுத்துப் பாருங்கள், சில குடியிருப்புகளில் வாசலில் மோட்டர்ஹோம் நிறுத்தக் கூடாது என்று அதிலேயே எழுதியிருக்கும்.

ஆனால் இப்போது ஒரு சதமும் கட்டாதீர்கள். இந்த மாதிரி வான் ஒன்றை ஒக்ரோபரில் நாலு இரவுக்கு வாடகைக்கு எடுங்கள். கோடையில் எடுத்தால் எந்த வண்டியும் நல்ல வண்டிதான், வாடகையும் கூட. குளிரும் மழையும் நேரத்தோடே இருட்டும் வரும்போதுதான் யாருக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பது தெரியும். வீட்டுக் கேத்தலைக் கொண்டு போகாதீர்கள், அது 3,000 வாட். 10 அம்பியர் தருகிற முகாமில் மொத்தமாகவே 2,300 வாட்தான், மின்சாரம் நின்றுபோகலாம். பிரான்ஸில் 6 அம்பியர் மட்டும் தருகிற முகாம்களும் உண்டு. சின்ன ரைஸ் குக்கர் 500, 600 வாட் என்றபடியால் அங்கேயும் தாங்கும், ஹீற்றரை மட்டும் அந்த நேரம் நிற்பாட்ட வேண்டும். மீன் பொரிப்பதென்றால் வெளியே அடுப்பு வைத்துப் பொரியுங்கள். உள்ளே பொரித்தால் வாடகை வண்டிக்குக் கட்டின முற்பணம் முழுதாகத் திரும்பி வராது.