மின்சார ஃபார்முலா கார் கட்டும் கல்லூரி அணியில் சேரலாமா? நான் இரண்டாம் ஆண்டு இஇஇ, கார் ஓட்டவே தெரியாது

தாராளமாகச் சேருங்கள். ஓட்டத் தெரியாதது ஒரு குறையே இல்லை. எங்கள் அணியில் இருபத்தைந்து பேர் இருந்தோம், ஓட்டியவர்கள் நான்கு பேர்தான். நானும் இஇஇதான். இரண்டு வருடமும் பேட்டரிப் பெட்டியோடுதான் குடித்தனம்.

ரேஸ் என்றால் கார்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு பறக்கும் என்று நினைத்துத்தான் நானும் போனேன். கோவை செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் என்ற கல்லூரி அணிகளுக்கான போட்டியில் அப்படி எதுவும் கிடையாது. 75 மீட்டர் நேர் ஓட்டம், ஆர்டிஓ ஆபீஸில் போடுகிற மாதிரி ஒரு எட்டு, கடைசியில் 22 கிலோமீட்டர் எண்டூரன்ஸ், அதாவது நீண்ட தூர ஓட்டம். எல்லாமே கடிகாரத்தோடு போட்டி. டிசைன், செலவுக் கணக்கு, பிசினஸ் பிளான் இவற்றுக்கும் மதிப்பெண் உண்டு.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால் டெக் இருக்கிறது, அதாவது வண்டிப் பரிசோதனை. இதில் தேறாத வண்டி டிராக்கில் இறங்காது. மின்சார வண்டிக்கு இதில்தான் பாதி உயிர் போகும். எங்களை ஆட்டி வைத்தது மழைச் சோதனை. சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தி, ஹெச்வியை, அதாவது உயர் மின்னழுத்தத்தை ஆன் செய்து, 2 நிமிடம் தண்ணீர் தெளிப்பார்கள். அப்புறம் இன்னொரு 2 நிமிடம் சும்மா நிற்க வேண்டும். ஹெச்வி கம்பியிலிருந்து சட்டத்துக்கு மின்சாரம் கசிகிறதா என்று ஐஎம்டி என்ற ஒரு சின்னப் பெட்டி பார்த்துக்கொண்டே இருக்கும். வோல்ட்டுக்கு 500 ஓம் என்ற அளவுக்குக் கீழே காப்பு இறங்கினால் மொத்த வண்டியையும் அணைத்துவிடும். எங்கள் பேட்டரி பேக் சுமார் 400 வோல்ட்.

தண்ணீர் தெளித்தபோது ஒன்றும் ஆகவில்லை. தண்ணீர் நின்ற பிறகுதான், கைதட்டத் தயாராக இருந்த நேரத்தில், 'டக்' என்று ரிலே விழுந்து வண்டி அணைந்தது. அந்த இரண்டாவது 2 நிமிடம் எதற்கு என்று அன்றைக்குத்தான் புரிந்தது. தண்ணீர் உள்ளே ஊறி இறங்க நேரம் வேண்டுமே!

பேட்டரியைக் கழற்றிவிட்டு, காப்பை அளக்கும் மெகர் என்ற கருவியை வைத்து ஒவ்வொரு கேபிளாகப் பார்த்தோம். மோட்டாருக்குப் போகும் கேபிள் நுழைகிற இடத்தில் ரப்பர் சீலின் உதடு உள்பக்கம் மடிந்திருந்தது. உள்ளே நாலைந்து சொட்டுத் தண்ணீர், அவ்வளவுதான். "யார்டா இதை மாட்டினது?" என்று சீனியர் அண்ணா கேட்டார். நான்தான். ராத்திரி இரண்டு மணிக்கு, கையுறையோடு, பார்க்காமலே இறுக்கியது. ஓட்டுகிற பெண்ணின் பையில் இருந்த ஹேர் டிரையரை வாங்கி, மண்டியிட்டு முக்கால் மணி நேரம் காய வைத்தேன்.

அதோடு விட்டிருக்கலாம். பயத்தில் ஒரு அலுமினியத் தகட்டை வளைத்து, பேட்டரிப் பெட்டிக்குக் காற்று போகும் வழிக்கு முன்னால் வைத்தோம், தண்ணீர் தெறிக்கக் கூடாதென்று. மறு சோதனையில் தேறினோம். எண்டூரன்ஸில் பாதியில் ஓட்டுநர் மாற வேண்டும். மாறினோம். நாலு சுற்று கழித்து, எதிர்ப் பக்கத் திருப்பத்தில் வண்டி சத்தமில்லாமல் நின்றது. ஒரு செல் 60 டிகிரியைத் தொட்டதும் பேட்டரி தன்னைத்தானே துண்டித்துக்கொண்டது. விதியே அதுதான், சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. தண்ணீருக்குப் பயந்து வைத்த தகடு காற்றை அடைத்துவிட்டது. பெட்ரோல் வண்டி நின்றால் இன்ஜின் சத்தம் அடங்கும், ஏதோ ஆகிவிட்டது என்று தெரியும். இது நின்றது பக்கத்தில் இருந்தவருக்கே தெரியவில்லை.

உங்களுக்கு என் யோசனை: சேர்ந்ததும் மோட்டார் கன்ட்ரோலர், ஏரோ என்று பளபளப்பான வேலையைக் கேட்காதீர்கள். வயரிங் கேளுங்கள். கிரிம்ப் அடிப்பது (வயர் முனையில் டெர்மினலை நசுக்கிப் பொருத்துவது), சீல் போடுவது, எந்த வயர் எங்கே போகிறது என்று படம் வரைவது. யாரும் ஆசைப்படாத வேலை, அதனால் உடனே கொடுத்துவிடுவார்கள். ஆறே மாதத்தில் முழு வண்டியும் மனப்பாடம் ஆகிவிடும். கேம்பஸ் இன்டர்வியூவில் என்னிடம் கேட்டதில் முக்கால்வாசி ஐஎம்டி பற்றியும் அந்தத் தகட்டைப் பற்றியும்தான்.

படிப்பு விஷயம். போட்டி ஜனவரி வாக்கில் வரும், அதற்கு முன்னால் செமஸ்டர் தேர்வு. ஓ.டி. (ஆன் டியூட்டி அனுமதி) முன்கூட்டியே எழுதி வாங்கி வைத்துவிடுங்கள், அட்டென்டன்ஸில் மாட்டிக்கொள்ளாதீர்கள். எனக்கு ஒரு அரியர் விழுந்தது, கன்ட்ரோல் சிஸ்டம்ஸ். அடுத்த செமஸ்டரிலேயே எழுதி 58 வாங்கிப் பாஸ் செய்துவிட்டேன்.