தொழில் கேள்வி-பதில்: ஸ்டாலுக்கு மேலே தொங்கும் போர்டு

கண்காட்சி ஹாலின் கூரையிலிருந்து ஸ்டாலுக்கு மேலே தொங்கவிடும் பெயர்ப்பலகையைப் பற்றி ஒரே சமயத்தில் இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. கண்காட்சி சீசன் ஆரம்பித்துவிட்டது போலிருக்கிறது. அதனால் இந்த இதழில் அது மட்டும்தான். ஜி.எஸ்.டி. பற்றிக் கேட்டிருப்பவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளவும்.

கேள்வி: சிறிய அளவில் பம்ப் தயாரிக்கிறோம். கொடிசியா வளாகத்தில் நடக்கப்போகும் கண்காட்சியில் 9 சதுர மீட்டர் ஸ்டால் எடுத்திருக்கிறோம். ஸ்டால் அலங்காரம் செய்பவர், "மேலே வட்டமா ஒரு போர்டு தொங்கவிட்டா வாசல்லேர்ந்தே தெரியும் சார்" என்கிறார். செய்யலாமா?
– வாசகர், கணபதி, கோவை

பதில்: வேண்டாம். 9 சதுர மீட்டர் என்றால் நீங்கள் எடுத்திருப்பது அநேகமாக ஷெல் ஸ்கீம். 3-க்கு 3 மீட்டரில் அலுமினியக் கால், வெள்ளைத் தடுப்பு, முகப்பில் பெயர்ப்பட்டை, ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஸ்பாட் லைட் என்று அமைப்பாளரே கட்டிக் கொடுப்பது. இந்த வகை ஸ்டாலுக்கு மேலே எதையும் தொங்கவிடப் பெரும்பாலும் அனுமதி கிடைக்காது. அதில் நியாயமும் இருக்கிறது. வரிசையாக ஸ்டால்கள் இருக்கிற இடத்தில் ஒருவர் தொங்கவிட்டால் பின்வரிசைக்காரர் மறைந்துபோவார், அடுத்த முறை எல்லோரும் தொங்கவிடுவார்கள், அப்புறம் யாருடையதும் தெரியாது.

மேலே தொங்கும் போர்டு என்பது வெறும் இடமாக வாடகைக்கு எடுத்து, நான்கு பக்கமும் நடைபாதை விட்டுக் கட்டுகிற பெரிய ஸ்டாலுக்கானது. அமெரிக்காவில் பொதுவாகப் பின்பற்றும் வழிகாட்டுதலே அப்படித்தான்: வரிசையில் இருக்கும் 10-க்கு 10 அடி ஸ்டாலுக்குப் பின்சுவர் 8 அடி, அதோடு சரி. 20-க்கு 20 அடியும் அதற்கு மேலும் உள்ள, மூன்று பக்கமோ நாற்புறமுமோ திறந்த ஸ்டாலுக்குத்தான் போர்டு, அதன் மேல்விளிம்பும் 16 முதல் 20 அடிக்குள் நிற்க வேண்டும். இங்கே ஒவ்வொரு அமைப்பாளருக்கும் ஒரு கணக்கு. அவர்கள் அனுப்பும் எக்ஸிபிட்டர் மேனுவலில் (ஸ்டால் எடுப்பவர்களுக்கான விதிமுறைக் கையேடு) இருக்கும், யாரும் படிப்பதில்லை என்பது வேறு விஷயம்.

அனுமதியே கிடைத்தாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். பம்ப் வாங்க வரும் விவசாயியோ டீலரோ வாசலில் நின்று அண்ணாந்து பார்த்து ஸ்டாலைத் தேர்ந்தெடுப்பதில்லை. முதல் வரிசையில் ஆரம்பித்து ஒவ்வொன்றாக நடந்து வருவார், தண்ணீர் கொட்டுகிற இடத்தில் நிற்பார். அந்தப் பணத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி வைத்துப் பம்பை ஓடவிடுங்கள். த்ரீ ஃபேஸ் வேண்டுமென்றால் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும், கடைசி நாளில் கேட்டால் கிடைக்காது.

இன்னொன்று, இதற்குக் காசே ஆகாது. முகப்புப் பட்டையில் என்ன எழுத வேண்டும் என்று ஒரு படிவம் வரும். அதை அக்கவுன்ட்ஸ் பார்ப்பவரிடம் தள்ளிவிட்டால் "எஞ்சினியரிங் ஒர்க்ஸ் பிரைவேட் லிமிடெட்" என்று பதிவுப் பெயர் முழுசாக வந்து உட்கார்ந்துகொள்ளும், பம்பின் பிராண்ட் பெயர் எங்கேயும் இருக்காது. ஊருக்குத் தெரிந்த பெயரைப் போடச் சொல்லுங்கள்.

கேள்வி: தொங்கும் போர்டில் கம்பெனி பெயர், தயாரிப்புகள், போன் நம்பர், இணைய முகவரி எல்லாம் போடலாமா? எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?
– வாசகி, அம்பத்தூர்

பதில்: பெயரும் லோகோவும் போதும். 15 அடி உயரத்தில் இருக்கும் போன் நம்பரை யாராவது குறித்துக்கொண்டு பார்த்திருக்கிறீர்களா?

எழுத்துக்கு ஒரு பழைய கணக்கு உண்டு: 10 அடி தூரத்துக்கு 1 அங்குல உயரம். 100 அடி தள்ளி நிற்பவருக்குப் பளிச்சென்று தெரிய 10 அங்குலம். இது ஆங்கிலப் பெரிய எழுத்துக்குச் சொன்னது. தமிழில் "லி" என்றால் மேலே ஒரு வளைவு போகிறது, "மு" என்றால் கீழே ஒரு சுழி இறங்குகிறது, இரண்டுக்கும் இடம் விட்ட பிறகு எழுத்தின் உடம்புக்குப் பாதிக்குச் சற்று மேல்தான் மிஞ்சும். ஆகவே தமிழில் எழுதினால் தாராளமாக ஒன்றரை மடங்கு வையுங்கள், கோடும் தடிமனாக இருக்கட்டும்.

வட்டமான போர்டு என்றால் இன்னொரு சிக்கல். ஒரு இடத்தில் நின்று பார்ப்பவருக்கு வளையத்தில் மூன்றில் ஒரு பங்குதான் வாசிக்கிற மாதிரி தெரியும், மற்றதெல்லாம் வளைந்து ஓடிவிடும். 3 மீட்டர் விட்டமுள்ள வளையத்தின் சுற்றளவு சுமார் 9.4 மீட்டர். அப்படியானால் பெயர் 3 மீட்டருக்குள் அடங்க வேண்டும், சுற்றிலும் மூன்று தடவை வர வேண்டும். நீளமான பெயர்க்காரர்கள் சதுரப் போர்டுக்குப் போய்விடுவது நல்லது.

கேள்வி: பெங்களூரு கண்காட்சியில் 6-க்கு 6 மீட்டர் ஸ்டால் போடுகிறோம். எல்.இ.டி. திரையோடு சேர்த்து போர்டின் எடை 120 கிலோ. நான்கு கம்பியில் தொங்கவிட்டால் ஒரு கம்பிக்கு 30 கிலோதானே, சாதாரணக் கம்பியே தாங்கும் என்கிறார் ஸ்டால் கட்டிக் கொடுக்கும் ஃபேப்ரிகேட்டர். சரியா?
– வாசகர், ஓசூர்

பதில்: காகிதத்தில் சரி, கூரையில் தப்பு. இதை முழுசாகப் படித்துவிட்டு அவரிடமும் காட்டுங்கள்.

முதலில் அந்த 30 கிலோ. நான்கு கம்பியும் ஒரே நீளம், எடை நடுவில், கூரைப் புள்ளிகள் (கூரையில் கம்பி மாட்டும் இடங்கள்) ஒரே மட்டம் என்றால்தான் அது உண்மை. விறைப்பான இரும்புச் சட்டம் என்றால் ஒரு கம்பி ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக இருந்தாலே போதும், அது சும்மா நிற்கும். விரலால் தட்டிப் பாருங்கள், ஒரு கம்பி விண்ணென்று அதிரும், பக்கத்துக் கம்பி தளர்ந்து ஆடும். அப்போது எடையில் பெரும்பகுதி எதிரெதிர் மூலையில் இருக்கும் இரண்டு கம்பியில் போய் உட்கார்ந்திருக்கிறது, ஆளுக்கு 60 கிலோ வரை. உங்கள் திரை ஒரு பக்கம்தான் இருக்கிறது என்றால் அந்தப் பக்கம் இன்னும் கூடும். இதை நிற்கும்போது போட்ட கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். போர்டை மேலே தூக்கும் செயின் மோட்டார் இழுக்க ஆரம்பிக்கும் அந்த உலுக்கலில் இன்னும் ஏறும்.

அடுத்தது கோணம், பலர் கவனிக்காதது. கூரைப் புள்ளி போர்டுக்கு நேர் மேலே அமையாவிட்டால் கம்பியைச் சாய்த்துக் கட்டுவார்கள். 100 கிலோ போர்டை இரண்டு கம்பியில் சாய்வாகத் தொங்கவிட்டு, இரண்டுக்கும் இடையே கோணம் 60 டிகிரி என்றால் ஒவ்வொரு கம்பியிலும் சுமார் 58 கிலோ இழுவை. 90 டிகிரி என்றால் 71. 120 டிகிரிக்கு விரித்துவிட்டால் ஒவ்வொன்றிலும் முழு 100 கிலோ. கம்பி இரண்டு இருந்தும் ஒரு பிரயோஜனமும் இல்லை, அதோடு கூரைச் சட்டத்தைப் பக்கவாட்டில் வேறு இழுக்கிறது.

ஆகவே மூன்று விஷயங்கள் எழுத்தில் வேண்டும்: ஹால் நிர்வாகம் ஒரு புள்ளிக்கு எத்தனை கிலோ அனுமதிக்கிறது, உங்கள் ஃபேப்ரிகேட்டர் ஒரு புள்ளிக்கு எத்தனை கிலோ போடுகிறார், அந்தக் கணக்கில் கையெழுத்துப் போட்ட ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர் யார். முக்கியக் கம்பி போனால் பிடித்துக்கொள்ளத் தனியாக ஒரு பாதுகாப்புக் கம்பி ஒவ்வொரு புள்ளியிலும் இருக்க வேண்டும். தீயணைக்கத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் குழாய், ஏ.சி. டக்ட், கேபிள் டிரே, இவற்றில் ஒரு கயிறுகூடக் கட்டக்கூடாது. ஜிப் டை என்கிற பிளாஸ்டிக் பட்டை துணியைப் பிடிக்கத்தான், எடையைப் பிடிக்க அல்ல. கீழே நிற்கப்போவது உங்கள் விற்பனை ஆட்களும் வாடிக்கையாளர்களும்தான்.

இத்தனைக்கும் பதில் வரவில்லை என்றால் திரையைத் தரையில் இறக்கி வைத்துவிடுங்கள். மேலே பெயர் மட்டும், துணியில்.

கேள்வி: கரூரிலிருந்து வீட்டு ஜவுளி ஏற்றுமதி செய்கிறோம். ஜனவரியில் பிராங்க்பர்ட்டில் நடக்கும் ஹெய்ம்டெக்ஸ்டில் என்ற வீட்டு ஜவுளிக் கண்காட்சிக்குப் போகிறோம். எங்கள் சொந்தக் காட்டன் துணியிலேயே போர்டு தைத்து எடுத்துப் போகலாம் என்று ஆசை. தறி ஷெட் கூரையில் ஏறி வேலை செய்யும் நம்ம ஆள் ஒருவரும் கூட வருகிறார், அவரையே கட்டச் சொல்லலாமா?
– வாசகர், கரூர்

பதில்: அவரைக் கூட்டிப் போங்கள், ஊர் பார்க்கட்டும். ஏற மட்டும் விடமாட்டார்கள். ஜெர்மனியில் ஹால் கூரையிலிருந்து கம்பி இறக்கும் வேலையை அந்த வளாகம் அனுமதித்த நிறுவனம்தான் செய்யும். கூரையில் புள்ளிகள் ஏற்கெனவே குறிப்பிட்ட இடைவெளியில் இருக்கும், உங்கள் ஸ்டால் மூலைக்கு நேராக அமையும் என்று சொல்ல முடியாது. அமையாவிட்டால் இடையில் ஒரு டிரஸ் (குழாய்களைப் பின்னிச் செய்த குறுக்குச் சட்டம்) தேவை, அதற்கும் பணம். ஆர்டர் படிவத்தைக் கெடு தேதிக்குள் கொடுக்காவிட்டால் அதற்குமேல் கூடுதல் கட்டணம்.

துணி விஷயம்தான் உங்களுக்கு முக்கியம். அலங்காரத்துக்குப் போடும் துணி எளிதில் தீப்பற்றாத ரகமாக இருக்க வேண்டும், அங்கே அதை டின் (DIN) 4102 என்ற ஜெர்மன் தரத்தில் பி1 என்பார்கள். சாதாரணக் காட்டன் இதில் தேறாது. தீத்தடுப்பு ஃபினிஷ் கொடுத்து, சோதனைச் சான்றிதழை ஸ்டாலிலேயே கையில் வைத்திருங்கள், கேட்பார்கள். கவனம், இந்த ஃபினிஷ்களில் பல, துவைத்தால் போய்விடும். போர்டைத் தொங்கவிடுவதற்கு முன் மடிப்புக் கசங்கலை எடுக்கிறேன் என்று தண்ணீரில் போட்டுவிடாதீர்கள்.

இன்னொரு வழி: கூரையையே தொடாமல், தரையில் இரண்டு கால் ஊன்றி மேலே குறுக்குச் சட்டம் வைத்து, கோல் போஸ்ட் மாதிரி ஒன்று கட்டி அதில் உங்கள் துணியைத் தொங்கவிடலாம். உயர வரம்புக்குள் இருந்து, சாயாத அளவுக்குக் கால் பலமாக இருந்தால் போதும், கூரைப் புள்ளிக்குப் பணம் இல்லை. வீட்டு ஜவுளி வாங்குபவர் பெரும்பாலும் ஹால் எண், ஸ்டால் எண் குறித்துக்கொண்டு நேரம் சொல்லித்தான் வருகிறார், வந்ததும் துணியைக் கையில் எடுத்துத் தேய்த்துப் பார்க்கிறார். உங்கள் துணி அவர் கை எட்டும் இடத்தில் இருப்பதுதான் உங்களுக்கு லாபம், கூரையில் இருப்பது அல்ல.

கேள்வி: லாஸ் வேகஸில் ஒரு கண்காட்சிக்குப் போனோம். போர்டு செய்த செலவைவிடத் தொங்கவிட்ட பில் அதிகம். ஏமாற்றிவிட்டார்களா?
– வாசகர், ஸ்ரீபெரும்புதூர்

பதில்: பில்லைப் பார்க்காமல் சொல்ல முடியாது, ஆனால் ஏமாற்றாமலேயே அப்படி வரும். அங்கே தொங்கவிடும் வேலைக்கு ஆட்கள், தூக்கும் லிஃப்ட் வண்டி இரண்டுக்கும் மணிக்கணக்கில் கட்டணம், குறைந்தபட்ச நேரமும் உண்டு. மாலைக்கு மேலும் சனி, ஞாயிறும் கூடுதல் விகிதம். லாரியிலிருந்து உங்கள் ஸ்டால் வரை பெட்டியைக் கொண்டுவருவதற்கு ஒவ்வொரு 100 பவுண்டு எடைக்கும் தனிக் கட்டணம்.

பெரும்பாலும் பணம் போவது காத்திருப்பில். தொங்கும் போர்டு முதலில் ஏற வேண்டும், கார்ப்பெட் விரித்து ஸ்டால் கட்டிவிட்டால் லிஃப்ட் வண்டி உள்ளே நுழைய இடமில்லை. அதனால்தான் போர்டுப் பெட்டியைத் தனியாக, அதற்கென்று உள்ள லேபிள் ஒட்டி, முன்கூட்டியே அவர்கள் கிடங்குக்கு அனுப்பச் சொல்கிறார்கள். நம்மவர்கள் அதை மெஷின் பெட்டிக்குள் அடியில் வைத்து அனுப்புகிறார்கள். அதைத் தோண்டி எடுக்கும் வரை ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள், மீட்டர் ஓடும்.

அடுத்த முறை குழாய்ச் சட்டத்தை அங்கேயே வாடகைக்கு எடுத்துக்கொண்டு, மேலே மாட்டும் அச்சுத் துணியை மட்டும் இங்கிருந்து கொண்டுபோங்கள். சதுர மீட்டருக்கு 200 கிராம் துணி என்றால், 3 மீட்டர் வட்டம், 1 மீட்டர் உயரத்துக்கு 2 கிலோவுக்குள் முடிந்துவிடும், சூட்கேஸில் மடித்துப் போடலாம். அமெரிக்காவில் கேட்கும் தீத்தடுப்புத் தரம் என்.எஃப்.பி.ஏ. 701, அச்சடிப்பவரிடமே சான்றிதழ் வாங்கிவிடுங்கள். சட்டத்தின் அளவை மில்லிமீட்டரில் கேட்டு வாங்கிய பிறகே தைக்கக் கொடுக்க வேண்டும், சற்றுத் தளர்ந்தாலும் துணி சுருங்கித் தெரியும்.

கேள்வி: போர்டு சுழல மோட்டார் வைக்கலாமா?
– வாசகர், மதுரை

பதில்: வைக்கலாம். மெதுவாகச் சுழல வேண்டும், பெயரைப் படித்து முடிக்கும் முன் ஓடிவிட்டால் பயனில்லை. மோட்டாரின் எடையையும் ஓசூர்க்காரருக்குச் சொன்ன கணக்கில் சேருங்கள், மேலே கரண்ட் இணைப்புக்குத் தனியாக எழுதிக் கொடுங்கள்.

கேள்வி: ஒரு கண்காட்சிக்குச் செய்த போர்டு அடுத்ததற்கு உதவுமா?
– வாசகி, திருப்பூர்

பதில்: துணி போர்டு உதவும், ஃப்ளெக்ஸ் மடித்த இடத்தில் வெடித்துவிடும். வருடம், கண்காட்சிப் பெயர், ஸ்டால் எண் எதையும் துணியில் அச்சடிக்காதீர்கள். கழற்றும்போது ஒவ்வொரு குழாயின் இரண்டு முனையிலும் எண் போட்ட ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லுங்கள், கழற்றுகிற ஆளே மாட்டப்போகிற ஆளாக இருக்கமாட்டார். துணியின் ஜிப்பை முழுக்க மூடி, அச்சு உள்பக்கம் வரும்படி சுருட்டி, பழைய பெட்ஷீட்டில் சுற்றி வையுங்கள். குழாயும் துணியும் ஒரே பையில் வேண்டாம், குழாயின் கறுப்பு முதலில் படிவது வெள்ளை எழுத்தில்தான்.