கல்லூரி லேபில் சும்மா கிடக்கும் டெஸ்க்டாப்களைச் சேர்த்து இணைக் கணிப்பு (ஒரு கணக்கைத் துண்டுகளாக்கிப் பல கணினிகளில் ஒரே சமயத்தில் ஓட்டுவது) செய்ய எந்த ஃபிரேம்வொர்க் ஏற்றது? எம்பிஐ கற்றுக்கொள்ளலாமா?

எம்பிஐ (MPI) என்பது பல கணினிகளில் ஓடும் நிரல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிக்கொள்வதற்கான முறை; தாராளமாகக் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் மாணவர்கள் வந்து உட்காரும் லேபுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வேகத்தைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது: ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு கணினியை யாராவது அணைத்துவிட்டால் என்ன ஆகும்? எம்பிஐயில் ஒரு பிராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) செத்தால், சாதாரணமாக மொத்த வேலையும் படுத்துவிடும். 1994இல் அதன் முதல் வரையறை வந்தது. அதே ஆண்டில் நாசாவின் கோடார்ட் மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங்கும் டொனால்ட் பெக்கரும் 16 கணினிகளை ஈத்தர்நெட்டில் கோத்து பியோவுல்ஃப் என்ற கிளஸ்டரை (சேர்ந்து கணக்கிடும் கணினிக் கூட்டத்தை) கட்டினார்கள். கடையில் கிடைக்கும் சாதாரண பாகங்கள்தான். ஆனால் அவை கணக்குக்கென்றே ஒதுக்கப்பட்டவை. நடுவில் யாரும் வந்து மவுஸைத் தொடவில்லை.

உங்கள் நிலைமைக்கென்றே பிறந்தது ஹெச்டிகாண்டார் (HTCondor) என்ற மென்பொருள். மிரான் லிவ்னியின் குழு விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1980களிலேயே தொடங்கியது. 2012 வரை வெறும் காண்டார் என்றே பெயர். கீபோர்டில் கை படாமல் இருந்தால் அந்தக் கணினிக்கு வேலை அனுப்பும். ஆள் வந்து உட்கார்ந்தால் வேலையை நிறுத்தி வைக்கும், அல்லது வேறொரு கணினியில் மறுபடி ஓடவிடும். சி, பைத்தான், பழைய ஃபோர்ட்ரான் என்று எதில் எழுதியிருந்தாலும் நிரலை மாற்ற வேண்டியதில்லை. அமைக்கும்போது கொஞ்சம் மண்டை காயும், அவ்வளவுதான்.

எல்லாமே பைத்தானில்தான் என்றால் டாஸ்க் (Dask) என்ற பைத்தான் லைப்ரரி போதும். ஒரு கணினியில் வேலையைப் பிரித்துக் கொடுக்கும் ஷெட்யூலர், மற்றவற்றில் அதைச் செய்யும் வொர்க்கர். ஒரு வொர்க்கர் போனால் அதன் பங்கை இன்னொன்று திரும்பக் கணக்கிடும். ஷெட்யூலரே போனால் ஒன்றும் செய்வதற்கில்லை. எல்லாக் கணினியிலும் ஒரே பைத்தான் பதிப்பு, ஒரே லைப்ரரி பதிப்புகள் இருக்கட்டும். நீங்களாக அமைக்காத வரை கடவுச்சொல், குறியாக்கம் எதுவும் கிடையாது என்பதால், அதன் போர்ட்டை லேபுக்கு வெளியே திறந்துவிடாதீர்கள்.

பாயிங்க் (BOINC) என்ற மென்பொருள் பற்றியும் சிலர் சொல்வார்கள். அது முகம் தெரியாதவர்களின் கணினிகளை இணையம் வழியாகச் சேர்ப்பதற்கு. ஒரு லேபுக்கு அவ்வளவு தேவையில்லை.

எந்த ஃபிரேம்வொர்க்கும் நெட்வொர்க்கின் மெதுவை மறைக்காது. கிகாபிட் ஈத்தர்நெட் நொடிக்கு அதிகபட்சம் 125 மெகாபைட்தான் தரும். கணினிக்குள் இருக்கும் ரேம் பல ஜிகாபைட் தரும். அதனால் தற்செயல் எண்களை வைத்துப் பலமுறை ஓட்டிப் பார்க்கும் மான்டி கார்லோ கணக்குகள், படங்களை ரெண்டர் செய்வது, ஒரே மாடலை ஆயிரம் விதமான உள்ளீடுகளுடன் ஓட்டுவது போன்றவை இங்கே அருமையாக ஓடும். துண்டுகளுக்குள் பேச்சே கிடையாதே! ஒவ்வொரு படியிலும் பக்கத்துத் துண்டிடம் மதிப்பு கேட்கும் திரவ ஓட்டக் கணக்குகள் திணறும். ஒரு துண்டு சில நிமிடமாவது ஓடும்படி வெட்டுங்கள். நொடிக்குள் முடிகிற துண்டுகளை ஹெச்டிகாண்டாரிடம் கொடுத்தால், அனுப்பி வாங்குவதிலேயே நேரம் போய்விடும். பெரிய தரவுக் கோப்பை எல்லாக் கணினிகளும் ஒரே சர்வரிலிருந்து ஒரே சமயத்தில் படிக்கவிடாமல், முன்கூட்டியே அவற்றின் டிஸ்க்கில் நகலெடுத்துவிடுங்கள்.

இதற்கெல்லாம் முன்பு லேப் அசிஸ்டென்ட்டிடம் பேசுங்கள். சாயங்காலம் அவர் மெயினையே அணைத்துவிட்டுப் போனால், நெட்வொர்க் வழியே கணினியை எழுப்பும் வேக்-ஆன்-லேன்கூட வேலை செய்யாது.