ஜட்டியில் வழிவது பேதி இல்லை

கேள்வி: என் மகனுக்கு 6 வயது, ஒன்றாம் வகுப்பு படிக்கிறான். நாலைந்து நாளைக்கு ஒரு தடவைதான் மோஷன் போகிறான், அதுவும் அழுதுகொண்டே. ஆனால் பள்ளி விட்டு வரும்போது பல நாள் ஜட்டியெல்லாம் ஆகி, நாற்றத்தோடு வருகிறான். டாக்டர் பவுடர் கொடுத்தார். பேதி மாதிரி ஒழுக ஆரம்பித்ததும் பயந்து நிறுத்திவிட்டோம். "டாய்லெட் பழக்கம் சொல்லிக் கொடுக்கவும்" என்று மிஸ் டைரியில் எழுதி அனுப்புகிறார், கடைசி பெஞ்சில் தனியாக உட்கார வைத்திருக்கிறார். என் கணவர் கோபத்தில் அடித்துவிடுகிறார். டாக்டரிடம் போனால் இவன் வாயே திறப்பதில்லை, வயிற்றைத் தொட விடுவதில்லை. என்ன செய்வது?
- பெயர் வேண்டாம், சென்னை-11

பதில்: சகோதரி, அடிப்பதை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் அப்புறம். உங்கள் பையன் இதை வேண்டுமென்று செய்யவில்லை, சோம்பலிலும் செய்யவில்லை, பெரும்பாலும் அவனுக்கு வருவதே தெரியாது.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் இது நாள்பட்ட மலச்சிக்கலாகத்தான் தெரிகிறது. ஒரு தடவை கெட்டியாகப் போய் வலித்திருக்கும், அந்தப் பயத்தில் அடுத்த தடவை அடக்கியிருப்பான், அடக்க அடக்க உள்ளே இருப்பதில் தண்ணீர் உறிஞ்சப்பட்டு இன்னும் இறுகும். மலக்குடல் விரிந்து விரிந்து, 'வருகிறது' என்கிற உணர்வே மழுங்கிப் போகும். அப்போது மேலிருந்து வரும் இளகிய மலம், இறுகிக் கிடப்பதன் பக்கவாட்டில் வழிந்து ஜட்டிக்கு வருகிறது. அதைத்தான் பேதி என்று நினைத்து மருந்தை நிறுத்திவிடுகிறோம், பல வீடுகளில் நடப்பது இதுதான். கதவுக்குப் பின்னால் போய்க் காலைப் பின்னிக்கொண்டு, குதிகாலைத் தூக்கி, முகம் சிவக்க நிற்கிறானா என்று கவனியுங்கள். முக்குகிறான் என்று தோன்றும், உண்மையில் அடக்குகிறான்.

மருந்தை இனி நீங்களாக நிறுத்தாதீர்கள், கூட்டவும் வேண்டாம். டாக்டரிடம் போய், எப்போது ஆரம்பித்தீர்கள், என்ன ஆனது, எப்போது நிறுத்தினீர்கள் என்று உள்ளதைச் சொல்லுங்கள். முதலில் அடைப்பு முழுக்கப் போக வேண்டும், அதற்குக் கொஞ்ச நாள் அதிக அளவு மருந்து தேவைப்படலாம், அந்த நாட்களில் நிறையவே போகும். அதனால் சனி ஞாயிறோ, விடுமுறையோ பார்த்து ஆரம்பிக்கலாமா என்று கேளுங்கள். பிறகு தினம் வலியில்லாமல் போவதற்கான அளவு, அது மாதக்கணக்கில் தொடரும். விரிந்த குடல் பழைய நிலைக்கு வர அவ்வளவு நாள் ஆகும். நாலு நாள் ஒழுங்காகப் போனான் என்று நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்துதான்.

டாக்டரிடம் போவதற்கு முன் இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள்: என்றைக்குப் போனான், உருண்டை உருண்டையாகவா, வாழைப்பழம் மாதிரியா, தண்ணியாகவா, ஜட்டியில் எப்போது ஆனது, எவ்வளவு பால் குடிக்கிறான், சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் உண்டா. மலத்தைப் போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கூச்சப்பட வேண்டாம், டாக்டருக்கு அது அரைமணி நேரப் பேச்சுக்குச் சமம். பிறந்து 48 மணி நேரத்துக்குள் முதல் கரும்பச்சை மலம் போனதா என்பதையும் நினைவுபடுத்திக் கொள்ளுங்கள், அது தாமதமாகியிருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். வயிறு உப்பிக்கொண்டு பச்சையாக வாந்தி எடுத்தாலோ, கால் பலவீனமானாலோ அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காமல் உடனே போங்கள். எடை குறைந்தாலும், மலத்தில் ரத்தம் வந்தாலும் தள்ளிப்போடக் கூடாது. தனியார் செலவு கட்டுப்படியாகாவிட்டால் எழும்பூர் ஹால்ஸ் ரோட்டில் அரசு குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது, காலையில் சீக்கிரமாகப் போய் ஓபி சீட்டு வாங்குங்கள்.

பையனிடம் "ஒண்ணும் பண்ண மாட்டாங்க" என்று பொய் சொல்லி அழைத்துப் போகாதீர்கள். "டாக்டர் வயித்தை அமுக்கிப் பார்ப்பார், அம்மா பக்கத்துலயே இருப்பேன், வலிச்சா கையைத் தூக்கு, நிறுத்தச் சொல்றேன்" என்று முதல் நாளே சொல்லுங்கள். ஆசனவாயைப் பார்க்க வேண்டியிருந்தால் அவனிடம் சொல்லிவிட்டுச் செய்யுமாறு டாக்டரிடம் நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள், அதில் தப்பே இல்லை. அவனை வைத்துக்கொண்டே "ஒரே நாத்தம் டாக்டர், மானம் போகுது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நோட்டை நீட்டினால் போதும்.

சரி, பள்ளிக்கு வருவோம். டைரியில் பதில் எழுதிப் பயனில்லை. டாக்டரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு, வகுப்பு மிஸ்ஸையும் தலைமை ஆசிரியரையும் நேரில் பாருங்கள். நீங்களும் நாலு வரி எழுதிக் கொடுங்கள்: "என் மகனுக்குக் குடல் பிரச்சினைக்கு சிகிச்சை நடக்கிறது. அவனால் அடக்க முடியாது. கேட்காமலே எழுந்து டாய்லெட் போக அனுமதி வேண்டும். உடை மாற்ற உதவும் ஆயாம்மா யார் என்று சொன்னால் அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன்." பள்ளி டாய்லெட்டையும் ஒரு தடவை உள்ளே போய்ப் பாருங்கள். தாழ்ப்பாள் இல்லாத கதவு, தண்ணீர் வராத குழாய், வெளியே எட்டிப் பார்க்கும் பெரிய பையன்கள், இதில் ஒன்று இருந்தாலே 6 வயதுப் பிள்ளை நாள் முழுக்க அடக்கிக்கொண்டு உட்காரும். ஆசிரியர்கள் டாய்லெட்டைப் பயன்படுத்த விடச் சொல்லிக் கேளுங்கள். பையில் இரண்டு ஜட்டி, ஒரு டிரவுசர், ஈரத் துடைப்பான், வெளியே தெரியாத கவர்.

கடைசி பெஞ்ச் விஷயத்தில் விட்டுக் கொடுக்காதீர்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பிள்ளைகளை அடிப்பதை மட்டுமல்ல, மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. தனியாக உட்கார வைத்தது என்னை மிகவும் வருத்தியது. மிஸ்ஸிடம் சண்டையாக இல்லாமல், ஆனால் தெளிவாக இதைச் சொல்லுங்கள்.

வீட்டில், சாப்பிட்டு கால் மணி நேரம் கழித்து ஐந்து பத்து நிமிடம் உட்கார வையுங்கள். சாப்பிட்டதும் குடல் தானே அசையும் நேரம் அது. காலையில் வேன் ஹாரன் அடிக்கும் அவசரத்தில் இது நடக்காது, மாலை டிபனுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் கால் தொங்கக் கூடாது, ஒரு ஸ்டூல் போடுங்கள். போனானா இல்லையா என்பது முக்கியமில்லை, உட்கார்ந்ததற்கே பாராட்டுங்கள்.

கேள்வி: 3 வயதுப் பேத்திக்கு மலம் கட்டிக்கொண்டால் வெற்றிலைக் காம்பில் விளக்கெண்ணெய் தடவி வைக்கிறேன். மருமகள் கூடாது என்கிறாள்.
- ஒரு பாட்டி, கோடம்பாக்கம்

பதில்: மருமகள் சொல்வது சரிதான் அம்மா. காம்பு, சோப்புத் துண்டு எதுவும் வேண்டாம். ஆசனவாயில் கீறல் விழும், எரியும், குழந்தை பயந்து இன்னும் அடக்கும். டாக்டரிடம் காட்டி மலத்தை இளக்கும் மருந்து கேளுங்கள். டாய்லெட் பழக்குவதையும் கொஞ்ச நாள் நிறுத்தி வையுங்கள், டயப்பரில்தான் போவேன் என்றால் இப்போதைக்கு டயப்பரிலேயே போகட்டும்.