தம்பியின் காதில் கேட்கும் குரல்கள்

கேள்வி: "என் தம்பிக்கு வயது 20. பாலிடெக்னிக் கடைசி வருடம். அம்மா ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். அப்பா இல்லை. நான்கு மாதமாகத் தம்பி கல்லூரிக்குப் போவதில்லை, ராத்திரி தூங்குவதும் இல்லை. கூடப் படித்த பையன்கள் ஜன்னலுக்கு வெளியே நின்று சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுகிறார்கள் என்று காதைப் பொத்திக்கொள்கிறான். வெளியே பார்த்தால் யாரும் இல்லை. ஆனால் கல்லூரியில் அவனை அப்படித் திட்டியது உண்மை. செய்வினை என்று சொல்லிக் கயிறு கட்டினார்கள், கடன் வாங்கிச் செலவு செய்தோம். ஒரு தனியார் டாக்டர் கொடுத்த மாத்திரையில் எச்சில் வடிந்தது, கை கால் விறைத்தது, நிறுத்திவிட்டோம். அரசு ஆஸ்பத்திரியில் அம்மாவின் வேலை உடையைப் பார்த்து 'தள்ளி நில்லு' என்றார்கள். அதிலிருந்து அம்மா அங்கே வர மறுக்கிறார். கோயிலில் விட்டால் சங்கிலி போட்டுப் பார்த்துக்கொள்வார்கள் என்கிறார் பெரியப்பா. விஷயம் வெளியே தெரிந்தால் எனக்குக் கல்யாணம் ஆகாது என்கிறார்கள். என்ன செய்வது?"

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் தம்பிக்கு மனநோயின் முதல் பாதிப்பு வந்திருக்கலாம் என்று தோன்றுகிறது. நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்லக் கூடாது. தைராய்டு, வலிப்பு, மூளையில் தொற்று, கஞ்சா என்று வேறு காரணங்களும் இருக்கின்றன. டாக்டர் அதையெல்லாம் சோதித்துப் பார்ப்பார். கஞ்சா பழக்கம் உண்டா என்று திட்டாமல் தனியாகக் கேளுங்கள். இது சிகிச்சையில் தேறக்கூடிய நோய். ஆனால் சிகிச்சை தள்ளிப்போகப் போகத் தேறுவதும் தாமதமாகும். நான்கு மாதம் ஏற்கெனவே போய்விட்டது, இனி ஒரு வாரத்தைக்கூட விடாதீர்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி, 'கல்லூரியில் அப்படித் திட்டியது உண்மை' என்பது. அவனுக்கு நடந்த அவமானமும் நிஜம், வந்திருக்கும் நோயும் நிஜம். ஏற்கெனவே நோய்க்கான வாய்ப்பு உள்ள ஒருவருக்குத் தொடர்ந்த அவமானம் அதைக் கிளப்பிவிடலாம். காதில் விழும் குரல்கள் அவரவர் வாழ்க்கையிலிருந்தே வார்த்தைகளை எடுத்துக்கொள்ளும். வாழ்நாளில் தன்னை அதிகம் காயப்படுத்திய சொல்லையே தம்பியின் மூளை இப்போது அவனுக்குத் திரும்பத் திரும்பச் சொல்கிறது. அதனால் 'எல்லாம் உன் பிரமை' என்று யாரும் அவனிடம் சொல்ல வேண்டாம். நடந்ததையும் சேர்த்துப் பொய் என்கிறார்கள் என்று நினைத்துவிடுவான். 'ஜன்னல் பக்கம் எனக்கு எதுவும் கேட்கவில்லை. ஆனால் உனக்குக் கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று புரிகிறது. காலேஜில் உன்னைப் பேசியது தப்பு, அது எனக்குத் தெரியும்' என்று சொல்லிப் பாருங்கள். டாக்டரிடமும் இந்தச் சாதி விஷயத்தை மறைக்காமல் சொல்லுங்கள். அதைக் காதில் வாங்காமல் மாத்திரையை மட்டும் எழுதிக்கொடுப்பது அரைகுறை வைத்தியம்தான்.

யார், எந்தத் தேதியில், என்ன பேசினார்கள் என்று உங்களுக்குத் தெரிந்ததை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பட்டியல் சாதி, பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் கொடுக்க இடமிருக்கிறது. கொடுப்பதா வேண்டாமா என்பதைத் தேறிய பிறகு அவனே முடிவு செய்யட்டும்.

மாத்திரைக்கு வருகிறேன். எச்சில் வடிவதும் கை கால் விறைப்பதும் இந்த வகை மருந்துகளின் தெரிந்த பக்கவிளைவுகள். அளவைக் குறைத்தோ, மருந்தை மாற்றியோ, கூட ஒரு சிறு மாத்திரை கொடுத்தோ சரிசெய்துவிடலாம். இதை முதல் நாளே உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். நிறுத்தியதற்காக உங்களைக் குறை சொல்ல மாட்டேன். பழைய மாத்திரை அட்டையைத் தூக்கிப் போடாமல் எடுத்துப் போங்கள், எது ஒத்துக்கொள்ளவில்லை என்பது புது டாக்டருக்குத் தெரியும். தூக்கமும் பதற்றமும் ஓரிரு வாரத்தில் அடங்கத் தொடங்கும். குரல்கள் குறைய நான்கு முதல் ஆறு வாரம்கூட ஆகலாம். நன்றாகிவிட்டான் என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். தேறிய பிறகும் குறைந்தது ஒன்றிரண்டு வருடம் மருந்து தேவைப்படும். தினமும் மாத்திரை போடச் சண்டை என்றால், சில வாரத்துக்கு ஒரு முறை போடும் ஊசியும் உண்டு. கேளுங்கள்.

அம்மாவை நினைத்தால்தான் எனக்குக் கோபம் வருகிறது. ஊர்க் குப்பையை அள்ளுகிறவரை ஆஸ்பத்திரியில் தள்ளி நிற்கச் சொன்னது அநியாயம். சட்டப்படியும் தவறு. 2018 மே மாதம் முதல் நடைமுறையில் இருக்கும் மனநலப் பராமரிப்புச் சட்டம், சாதி, மதம், வர்க்கம், பாலினம் எதையும் வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவருக்கு, அதற்கான அட்டை இல்லாவிட்டாலும், அரசு மருத்துவமனையில் மனநலச் சிகிச்சை இலவசம் என்றும் சொல்கிறது. மரியாதைக் குறைவாக யாராவது பேசினால் மருத்துவமனைக் கண்காணிப்பாளரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். அம்மாவுக்கு மனமில்லை என்றால் கட்டாயப்படுத்த வேண்டாம். நீங்களும் நம்பிக்கையான ஒரு சொந்தக்காரரும் கூட்டிப் போனால் போதும். அம்மாவுக்கு ஒரு நாள் கூலியும் மிஞ்சும்.

மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மனநலப் பிரிவுக்குப் போங்கள். மாவட்ட மனநலத் திட்டக் குழுவினர் சில தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கும் குறிப்பிட்ட நாட்களில் வருவார்கள். பக்கத்தில் எங்கே, எந்தக் கிழமை என்று 104 என்ற அரசின் மருத்துவ உதவி எண்ணில் கேளுங்கள், வீண் அலைச்சல் வேண்டாம். தம்பி வர மறுத்தால் 'மனநல டாக்டர்' என்று தொடங்காமல் 'தூக்கம் வர மருந்து வாங்கலாம்' என்று கூப்பிடுங்கள். தூக்கமில்லாதது அவனுக்கே தெரிந்த கஷ்டம், பொய்யும் இல்லை. நிலைமை சீரானதும் ஒரு மாத மருந்தாகத் தரச் சொல்லுங்கள். அதற்கு முன் பேச ஆள் வேண்டுமென்றால் 14416-க்கு அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசின் இலவச உதவி எண், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

பெரியப்பா சொல்வதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் கருகிச் செத்தார்கள். அவர்களையும் வீட்டார் குணமாகும் என்று நம்பித்தான் விட்டுவிட்டு வந்தார்கள். இன்று மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதைச் சட்டம் தடை செய்திருக்கிறது. சாமி கும்பிடுவதை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. கயிறு கையில் இருக்கட்டும், மாத்திரையும் வேளாவேளைக்குப் போகட்டும். மறுபடி கடன் வாங்கிப் பரிகாரம் மட்டும் வேண்டாம்.

உங்கள் கல்யாணத்தைப் பற்றி ஊர் பேசுவதற்கு வருகிறேன். தம்பிக்கு வந்திருப்பது, இல்லாத குரல்கள் கேட்கும் மனச்சிதைவு நோய் என்றே வைத்துக்கொண்டாலும், உடன்பிறந்த 10 பேரில் ஏறக்குறைய ஒன்பது பேருக்கு அது வருவதில்லை. மருத்துவமனை அவன் நோய் விவரத்தைச் சம்பந்தமில்லாதவர்களிடம் சொல்லவும் கூடாது. பெண் பார்க்க வருகிறவர்களிடம் எதை, எப்போது சொல்வது என்பது உங்கள் முடிவு. மறைத்துக் கட்டிய கல்யாணத்தில் பிறகு வரும் சண்டைகளைப் பார்த்திருப்பதால், நம்பக்கூடியவர் என்று தெரிந்ததும் சொல்லிவிடுவது நல்லது என்பது என் எண்ணம்.

கடைசியாக, சிலவற்றுக்குக் காத்திருக்கக் கூடாது. 'செத்துப் போ' என்று குரல் சொல்கிறதா என்று அவனிடம் நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் அவனைத் தனியாக விடாமல், பூச்சிமருந்து, கயிறு, கத்தி போன்றவற்றை அப்புறப்படுத்திவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். மாத்திரை தொடங்கிய பிறகு கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டாலோ, கண் மேலே செருகினாலோ, கடும் காய்ச்சலோடு உடம்பு விறைத்துக் குழப்பமாகப் பேசினாலோ, அடுத்த ஓ.பி. நாள் வரை பொறுக்காமல் அன்றே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். என்ன மாத்திரை என்று அங்கே காட்ட அட்டையும் உங்கள் கையில் இருக்கட்டும்.