இயந்திர அலைக்கும் மின்காந்த அலைக்கும் ஊடகத்தைத் தாண்டி என்ன வித்தியாசம்?

"இயந்திர அலைக்கு ஊடகம் (கடந்துபோக ஒரு பொருள்) வேண்டும், மின்காந்த அலைக்கு வேண்டாம். அவ்வளவுதானா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பரீட்சைக்கு அது போதும். ஆனால் அது விளைவுதான், காரணம் வேறு. எந்த அலையைப் பார்த்தாலும் "இதில் ஆடுவது எது?" என்று கேளுங்கள். ஒலியில் காற்றின் மூலக்கூறுகள் ஆடுகின்றன, நிலநடுக்கத்தில் பாறை ஆடுகிறது. இவை இயந்திர அலைகள். ஒளி மின்காந்த அலை, அதில் ஆடுவது மின்புலமும் காந்தப்புலமும். ஒன்று மாற மாற மற்றது பிறக்கிறது. பக்கத்தில் அணு இருந்தால்தான் நகர்வேன் என்ற கட்டாயம் அதற்கு இல்லை.

கல்லூரி ஆய்வகத்தில் ஒருமுறை கண்ணாடி ஜாடிக்குள் மொபைலை வைத்து, பம்பால் காற்றை உறிஞ்சிக்கொண்டே அதற்கு அழைத்தோம். முதல் தடவை சத்தம் குறையவே இல்லை. குழம்பிப்போனோம். அப்புறம்தான் புரிந்தது, அதிர்வு அடித்தட்டு வழியாக மேசைக்கு இறங்கிக்கொண்டிருந்தது. திடப்பொருளும் ஊடகம்தானே! மொபைலுக்கு அடியில் தடிமனான பஞ்சு வைத்ததும் ரிங் சத்தம் தேய்ந்து தேய்ந்து, ஜாடியில் காதை ஒட்டினால்தான் கேட்கும் என்ற அளவுக்கு வந்தது. திரை மட்டும் பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தது. அழைப்பு உள்ளே போனது ரேடியோ அலையாக, திரையின் வெளிச்சம் வெளியே வந்தது ஒளியாக. இரண்டும் மின்காந்த அலைகள். சத்தம்தான் உள்ளே மாட்டிக்கொண்டது. (மொபைல் இல்லாத 17ஆம் நூற்றாண்டிலேயே விஞ்ஞானி ராபர்ட் பாயில் இதே மாதிரி சோதித்துப் பார்த்துவிட்டார்.)

வேகத்திலும் இரண்டும் நேர் எதிர். ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர், நீரில் 1,480, எஃகில் 5,000க்கும் மேல். பொருள் எவ்வளவு விறைப்பாக இருக்கிறதோ, அந்த அளவுக்கு அதிர்வு அடுத்த துகளுக்குச் சீக்கிரம் கைமாறும். ஒளிக்கோ பொருள் ஒரு இடைஞ்சல். வெற்றிடத்தில் நொடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் போவது, கண்ணாடிக்குள் சுமார் 2 லட்சமாகக் குறைகிறது.

"ஒன்றுமே இல்லாத இடத்தில் அலை எப்படி?" என்ற சந்தேகம் உங்களுக்கு இருந்தால் வெட்கப்பட வேண்டாம். 19ஆம் நூற்றாண்டு இயற்பியலாளர்களுக்கும் அதே சந்தேகம்தான். 'ஈதர்' என்ற ஊடகம் எங்கும் நிறைந்திருப்பதாக வைத்துக்கொண்டார்கள். 1887இல் மைக்கேல்சனும் மார்லியும் மிக நுட்பமாகத் தேடியும் அதன் சுவடு கிடைக்கவில்லை. அது தேவையே இல்லை என்று 1905இல் ஐன்ஸ்டீன் சொல்லிவிட்டார்.

கடைசியாக ஒன்று. ரேடியோ அலையை ஒலி அலை என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்தேன். 100 மெகாஹெர்ட்ஸ் எஃப்எம் அலையின் நீளம் 3 மீட்டர். சுமார் 114 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் கனத்த குரலின் அலைநீளமும் காற்றில் 3 மீட்டர்தான். நீளம் ஒன்றே, வேகம் மட்டும் கிட்டத்தட்ட 9 லட்சம் மடங்கு வித்தியாசம். நிலையத்திலிருந்து உங்கள் ரேடியோ வரை வருவதில் சத்தமே கிடையாது. ஸ்பீக்கரின் கூம்பு காற்றைத் தள்ளும்போதுதான் அது ஒலியாகிறது.